காயமுற்றோரும் விபத்து இழப்பீட்டுச் சட்டமும்

2022ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் 4,61,312 விபத்துகள் நிகழ்ந்தன. அவற்றில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். 4,43,366 பேர் காயமுற்றனர். உயிரிழந்தோரில் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கு மேல் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கு இது.

இறந்தவர்களின் குடும்பங்களுக்குரிய இழப்பீடு பற்றி ஓரளவு பேசப்படுகிறது. காயமுற்றுப் பிழைத்தவர்களின் உரிமை பற்றி அத்துணை தெளிவு இல்லை. நீதிமன்ற நோக்கில் பார்த்தால் பின்னவரின் வழக்கே கடினமானது. இறப்பு நிகழ்ந்ததை மெய்ப்பிக்கச் சான்றிதழ் ஒன்று போதும். மோட்டார் சைக்கிளிலிருந்து வீழ்ந்து மணிக்கட்டு முறிந்தவரோ தமது இழப்பை ஒவ்வொரு கூறாக மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது. அதற்குரிய ஆவணங்கள் பெரும்பாலும் முதற் சில வாரங்களிலேயே உருவாகின்றன, அல்லது உருவாகாமலே போகின்றன. அந்த வாரங்களில் அவர் படுக்கையில் இருக்கிறார்.

சட்டம் வளர்ந்த வழி

1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இயற்றப்பட்டபோது, நஷ்டஈடு வேண்டுவோர் உரிமையியல் நீதிமன்றத்தையே நாட வேண்டியிருந்தது. 1956ஆம் ஆண்டுத் திருத்தம் இதற்கெனத் தனித் தீர்ப்பாயங்களை அமைக்க வழி செய்தது. எவர் தவறு என்று ஆராயாமலே ஒரு தொகை வழங்கப்பட வேண்டும் என்னும் கொள்கை 1982இல் சட்டத்தில் இடம்பெற்றது. அப்போது இறப்புக்கு ரூ.15,000, நிரந்தர ஊனத்துக்கு ரூ.7,500 என வரையறுக்கப்பட்டது. இன்று நடைமுறையிலிருப்பது 1988ஆம் ஆண்டுச் சட்டம். 2019இல் அது விரிவாகத் திருத்தப்பட்டது. இழப்பீடு பற்றிய திருத்தங்கள் 2022 ஏப்ரல் 1 முதல் செயலுக்கு வந்தன.

இரு வழிகள்

திருத்தப்பட்ட சட்டப்படி காயமுற்றவர் முன் இரு வழிகள் உள்ளன. 164ஆம் பிரிவின்கீழ், வாகன ஓட்டியின் தவறை மெய்ப்பிக்காமலே, கொடுங்காயத்துக்கு ரூ.2,50,000 பெறலாம், இறப்பாயின் ரூ.5,00,000. எலும்பு முறிவு சட்டத்தின் கண்ணில் கொடுங்காயமே. 166ஆம் பிரிவின்கீழோ எதிர்த்தரப்பு ஓட்டுநரின் கவனக்குறைவை மெய்ப்பிக்க வேண்டும். ஆனால் தொகைக்கு உச்சவரம்பு இல்லை. குற்றவியல் வழக்கில் வேண்டப்படும் அளவுக்கு ஐயந்திரிபற்ற சான்று இங்கே தேவையில்லை. எது நிகழ்ந்திருக்கக்கூடும் என்பதில் மனுதாரர் பக்கம் தட்டுத் தாழ்ந்தால் போதும்.

இங்கே ஓர் இடர் மறைந்திருக்கிறது. 149ஆம் பிரிவின்படி, விபத்துச் செய்தி கிடைத்ததும் காப்பீட்டு நிறுவனம் தன் அதிகாரி ஒருவர் மூலம் 30 நாட்களுக்குள் சமரசத் தொகை முன்மொழியலாம். அம்முறையில் 164ஆம் பிரிவுத் தொகையை ஏற்றுக்கொண்டவரின் தீர்ப்பாய மனு அத்துடன் இற்றுப்போகும். மருத்துவச் செலவுக்குக் கடன் வாங்கிய குடும்பத்துக்கு இரண்டரை லட்சம் பெருந்தொகையாகவே தோன்றும். ஆயினும், ஊனம் எவ்வளவு நிலைக்கும் என்பதை மருத்துவரே உறுதி செய்யாத நிலையில் அதற்கு ஒப்புவது எத்தகைய இழப்பாகலாம் என்பதைக் கீழ்வரும் கணக்கு காட்டும்.

காயமும் வருவாயும்

முப்பத்திரண்டு வயதுடைய ஒரு கொத்தனாரை எடுத்துக்கொள்வோம். மாத வருவாய் ரூ.15,000. வலக்கை மணிக்கட்டு முறிந்து, கோணலாகக் கூடிவிட்டது. கையளவில் 30 விழுக்காடு ஊனம், முழு உடலளவில் 10 விழுக்காடு என்று மருத்துவர் சான்றளிக்கிறார் எனக் கொள்வோம்.

ஆண்டு வருவாய் ரூ.1,80,000. சொந்தத் தொழில் செய்யும் நாற்பது வயதுக்குட்பட்டவருக்கு வருங்கால வருவாய் உயர்வுக்கென 40 விழுக்காடு சேர்க்க வேண்டும் என்பது 2017இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு வகுத்த விதி. இறப்பு வழக்கொன்றில் எழுந்த அவ்விதி காயமுற்றோருக்கும் பொருந்தும் என 2020இல் அந்நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆக ரூ.2,52,000. 31 முதல் 35 வரையுள்ள வயதுக்குப் பெருக்கும் எண் 16. இவ்வட்டவணை 2009ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றால் நிலைபெற்றது. பெருக்கினால் ரூ.40,32,000. இது முழு வருவாய்த் திறனும் அழிந்தால் வரும் தொகை. காயமுற்றவர் உயிரோடிருப்பதால், இறப்பு வழக்குகளில் போலச் சொந்தச் செலவுக்கென இதில் எதுவும் கழிப்பதில்லை.

சான்றிதழிலுள்ள 10 விழுக்காட்டை அப்படியே எடுத்தால் கிடைப்பது ரூ.4,03,200. ஆனால் கரணை பிடிக்க இயலாத கொத்தனார் பத்தில் ஒரு பங்கா இழந்தார்? அவர் வருவாயில் பாதி போயிற்று என்று தீர்ப்பாயம் காணுமானால் தொகை ரூ.20,16,000 ஆகும்.

2010இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பொன்று இவ்வேறுபாட்டை மிகத் தெளிவாக விளக்கியது. இடக்கையை இழந்த ஓட்டுநரோ தச்சரோ ஏறக்குறைய முழு வருவாய்த் திறனையும் இழக்கக்கூடும். அதே இழப்புக்கு ஆளான அரசு அலுவலக எழுத்தருக்கு வேலையே போகாதிருக்கலாம். ஆகவே உடலின் ஊன விழுக்காடு வேறு, சம்பாதிக்கும் திறனின் இழப்பு வேறு. முன்னதை மருத்துவர் கூறுவார். பின்னதை முடிவு செய்ய வேண்டியது தீர்ப்பாயம். அந்த எழுத்தருக்கு வருவாய் இழப்பென ஒன்றும் கிட்டாவிடினும், வாழ்க்கை வசதிகளை இழந்தமைக்கான தொகை உண்டு. இவற்றோடு மருத்துவச் செலவு, சிகிச்சைக் காலத்தில் இழந்த ஊதியம், இனிச் செய்ய வேண்டிய அறுவை சிகிச்சை, அடைந்த வேதனை ஆகியவையும் தனித்தனியே கணக்கிடப்படும்.

ஆவணங்கள்

கொத்தனார் தம் தொழிலையும் வருவாயையும் எவ்வாறு மெய்ப்பிப்பார்? கட்டடத் தொழிலாளர் நல வாரிய அட்டை, மேஸ்திரியின் சாட்சியம், வங்கிக் கணக்கு ஏதேனும் இருந்தால் நன்று. இல்லையேல் தீர்ப்பாயம் குறைந்தபட்சக் கூலியையொட்டித் தானே ஒரு தொகையை மதிப்பிடும். அது பெரும்பாலும் உண்மை வருவாயைவிடக் குறைவாகவே இருக்கும்.

மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் முதல் நாள் எழுதப்படும் வரி பெரிதும் முக்கியமானது. எவ்வாறு காயம் ஏற்பட்டது, எந்த வாகனம் மோதியது என்பது அங்கே பதிவாகிறது. வலியிலிருப்பவரை அழைத்து வந்த உறவினர் பதற்றத்தில், “வண்டியிலிருந்து விழுந்துவிட்டார்” என்று மட்டும் சொல்லிவிட்டால், மோதிய லாரி அப்பதிவிலிருந்து மறைந்துவிடும். பின்னர்க் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் முதலில் எடுத்துக் காட்டுவது அந்த வரியைத்தான். பணியிலிருக்கும் மருத்துவ அலுவலர் இன்னும் ஒரு கேள்வி கேட்டு எழுதினால் பல வழக்குகள் திசை மாறாதிருக்கும்.

காவல் துறையின் பங்கும் இப்போது விரிந்திருக்கிறது. 2022ஆம் ஆண்டு விதிகளின்படி, விபத்துச் செய்தி கிடைத்த 48 மணி நேரத்துக்குள் விசாரணை அதிகாரி முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். 90 நாட்களுக்குள் விரிவான அறிக்கையைத் தர வேண்டும். அவ்வறிக்கையையே இழப்பீட்டு மனுவாகக் கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. எனினும் அதை மட்டும் நம்பி வாளாவிருப்பது தகாது. விபத்து நிகழ்ந்த ஆறு மாதங்களுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்னும் வரம்பு, 1994இல் நீக்கப்பட்டிருந்தது, 2022 முதல் மீண்டும் வந்துவிட்டது. அதன் செல்லுபடி உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாகி, காலங்கடந்தது என்னும் காரணத்தால் மனுக்களைத் தள்ள வேண்டாமென 2025 நவம்பரில் இடைக்கால ஆணை பிறந்தது. இடைக்கால ஆணையை நம்பிக் காலம் தாழ்த்துவோர் துணிவுடையோர். விபத்து நடந்த இடம், மனுதாரர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், எதிர்த்தரப்பினர் வசிக்கும் இடம் ஆகிய எதிலுள்ள தீர்ப்பாயத்தையும் நாடலாம்; வெளியூரில் அடிபட்டவர் அலைய வேண்டியதில்லை.

சில ஐயங்கள்

தலைக்கவசம் அணியாதவருக்கும், ஒரே வண்டியில் மூவராகச் சென்றவருக்கும் இழப்பீடே கிடையாது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. மூவர் சென்றது விதிமீறலே. ஆயினும் விபத்துக்கோ காயத்துக்கோ அது காரணமாயிற்று என்று காட்டப்படாத வரையில் இழப்பீட்டைக் குறைக்க இயலாது என உச்ச நீதிமன்றம் 2020இல் கூறியது. இந்த அளவுகோலின்படி, கால் முறிந்தவரிடம் தலைக்கவசம் எங்கே என்று கேட்பது பொருந்தாது. தலையில் அடிபட்டவர் நிலை வேறு.

மோதிய வாகனம் எதுவென்றே தெரியாவிட்டால், 2022ஆம் ஆண்டுத் திட்டத்தின்கீழ் கொடுங்காயத்துக்கு ரூ.50,000, இறப்புக்கு ரூ.2,00,000 கிடைக்கும். இத்தொகைக்குத் தீர்ப்பாயத்தை அன்றி வருவாய்த் துறையின் விசாரணை அலுவலரை அணுக வேண்டும். உடனடிச் சிகிச்சைக்கென 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட திட்டம், ஏழு நாட்கள் வரை ரூ.1,50,000 அளவுக்குக் கட்டணமின்றி மருத்துவம் பெற வகை செய்கிறது.

எவரும் மோதாமல், தானே சறுக்கி வீழ்ந்த வண்டி உரிமையாளருக்கு மூன்றாம் நபர் காப்பீடு உதவாது. அவருக்குரியது ரூ.15 லட்சத்துக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு மட்டுமே. அதுவும் இறப்புக்கும் குறிப்பிட்ட நிரந்தர ஊனங்களுக்குமே பொருந்தும். பின்னிருக்கையில் சென்றவரை, சட்டம் கட்டாயப்படுத்தும் குறைந்தபட்சப் பாலிசி காக்காது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே வண்டியோட்டியவரின் தவறால் காயமுற்ற மனைவியோ நண்பரோ, முழுமையான பாலிசி இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். மோதியது வேறு வாகனமாயின் இச்சிக்கல் எழாது.

தீர்ப்பில் குறையிருப்பின் 90 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்; பிணக்கிலுள்ள தொகை ஒரு லட்சத்துக்குக் குறைவாயின் அவ்வுரிமை இல்லை. மேல்முறையீடு செய்வது தொகை செலுத்த வேண்டிய தரப்பாயின், ரூ.25,000 அல்லது தீர்ப்புத் தொகையில் பாதி, இவற்றில் எது குறைவோ அதை முன்கூட்டியே கட்ட வேண்டும்.