வெயிலை விசிறியாக்கும் கோபுரம்

மலாயாவில் முதல் மின்னாக்கி ஓடிய ஊர் எங்கள் ரவாங். 1894-இல் லோக் இயூவும் கே. தம்புசாமி பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்கத்துக்காக அதை நிறுவினர். அந்த ஊரிலிருந்து, மின்சாரமே இல்லாமல் காற்றை நகர்த்துவது பற்றி எழுதுவது வேடிக்கைதான். ஆனால், எஸ்.பி.எம். தேர்வுக்குப் படிக்கும் என் தங்கையின் மேல்மாடி அறையில் மாலை நான்கு மணிக்கு உட்கார்ந்து பார்த்தால் காரணம் புரியும்.

சூடான காற்று இலேசானது, மேலே ஏறும். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1,164 கிராம். 40 டிகிரியில் 1,127 கிராம். இந்த 37 கிராம் வித்தியாசத்தை நம்பித்தான் காற்றுக் கோபுரங்கள் எழுகின்றன. மேல் திறப்பு வழியே சூடான காற்று வெளியேற, கீழ்த் திறப்பு வழியே புதுக்காற்று நுழையும். பழைய கடைவீடுகளின் நடுவே வானம் பார்த்த முற்றம் வைத்தது வெளிச்சத்துக்காக மட்டுமல்ல.

ஆனால் இந்த விசை மிகவும் நோஞ்சான். 10 மீட்டர் உயரம், உள்ளுக்கும் வெளிக்கும் 5 டிகிரி வித்தியாசம் என்றால் கிடைப்பது சுமார் 2 பாஸ்கல். மேசைமேல் கிடக்கும் இரண்டு மூன்று ஏ4 தாள்களின் அழுத்தம், அவ்வளவே! அறைக்கதவைச் சாத்தினால் எல்லாம் நின்றுவிடும். காற்றோட்டம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், உயரத்தை இரட்டித்தாலும் 1.4 மடங்குதான் கூடும். மேல், கீழ்த் திறப்புகள் இரண்டின் பரப்பையும் இரட்டித்தால் இரண்டு மடங்கு. செலவைப் பார்த்தால் நான் திறப்பைத்தான் பெரிதாக்குவேன்.

ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் மிக் பியர்ஸ் வடிவமைத்து 1996-இல் திறக்கப்பட்ட ஈஸ்ட்கேட் கட்டடத்தை எல்லாரும் உதாரணம் காட்டுவார்கள். அதை அப்படியே இங்கே நகலெடுக்க முடியாது. அங்கே இரவுக் குளிரைக் கான்கிரீட் சேமித்து வைக்கிறது. துணைக்கு மின்விசிறிகளும் உண்டு. நமக்கோ இரவிலும் புழுக்கம். உள்ளும் வெளியும் ஏறக்குறைய ஒரே சூடு என்றால் காற்று ஏன் ஏறும்?

எனவே வெயிலையே வேலைக்கு அமர்த்த வேண்டும். கோபுரத்தின் உச்சியில் கறுப்புத் தகடு, அதன் முன்னே கண்ணாடி. சூடாவது அறையல்ல, கோபுரத்துக் காற்று மட்டுமே. அந்த உச்சி மேல்மாடியைத் தாண்டி நன்றாக உயர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கீழ்த்தளத்துச் சூடு மேல்மாடி அறைக்குள் புகுந்துவிடும். நம் மழைக்கு, மேலே மூடி வைத்துப் பக்கவாட்டில் திறப்பு விடுவது நல்லது.

உங்கள் மாடி வீட்டிலேயே சோதிக்கலாம். காற்று வீசாத மதியத்தில் படிக்கட்டின் மேல் ஜன்னலைத் திறந்துவிட்டு, கீழ்க் கதவிடுக்கில் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை உள்பக்கம் சாய்கிறதா?