பனிக்கட்டிக் கிடங்கு முதல் விவேகானந்தர் இல்லம் வரை

சென்னை மெரினா கடற்கரைச் சாலையில், கடலை நோக்கி வளைந்த முகப்புடன் நிற்கிறது விவேகானந்தர் இல்லம். பெயர் மாறிப் பல்லாண்டுகள் கழிந்தும், மக்கள் நாவில் அது ‘ஐஸ் ஹவுஸ்’ என்றே வழங்குகிறது. அப்பெயரே அதன் தொடக்க வரலாற்றைச் சொல்லிவிடுகிறது.

இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் முறை பரவாத காலம் அது. அமெரிக்க வணிகர் பிரெடெரிக் டியூடர், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளிலிருந்து பனிக்கட்டிகளைப் பாளம் பாளமாக அறுத்தெடுத்து, மரத்தூளில் பொதிந்து, பாய்மரக் கப்பல்களில் இந்தியாவிற்கு அனுப்பினார். அவற்றைச் சேமிக்கக் கொல்கத்தா, மும்பை, சென்னை ஆகிய நகரங்களில் கிடங்குகள் எழுந்தன. சென்னைக் கிடங்கு 1842இல் கட்டப்பட்டது. வெப்பம் உள்ளே புகாதவாறு காப்பதே அதன் தடித்த சுவர்களின் பணி.

உள்நாட்டிலேயே பனிக்கட்டி செய்யப்பட்டதும் அவ்வணிகம் நலிந்தது. கட்டடத்தை விலைக்கு வாங்கிய வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார், அதைக் குடியிருப்பாக மாற்றினார். வெளிச்சத்திற்கும் காற்றிற்கும் வழியின்றி மனிதர் வாழ இயலாது. ஆகவே, சாளரங்களும் தாழ்வாரங்களும் அமைக்கப்பட்டன. மேலைநாட்டுப் பயணம் முடித்துத் திரும்பிய விவேகானந்தர், 1897 பிப்ரவரி 6 முதல் 14 வரை இங்குத் தங்கினார். அவ்வாண்டே இராமகிருஷ்ணானந்தர் சென்னை வந்து, இங்கிருந்து தம் மடப் பணிகளைத் தொடங்கினார்.

1917இல் கட்டடம் அரசுடைமையாயிற்று. சகோதரி சுப்புலட்சுமி இங்கு இளம் கைம்பெண்களுக்கான விடுதியை நடத்தினார். இளமையிலேயே கணவரை இழந்த அவர், 1911இல் பட்டம் பெற்றவர். கைம்மையின் பெயரால் வீட்டு மூலைகளில் முடக்கப்பட்ட சிறுமியர் இங்குத் தங்கிக் கல்வி கற்றனர். ஆசிரியர்களாகி ஊதியம் பெற்றுத் தற்சார்புடன் வாழ்ந்தோர் பலர். வெயிலைத் தடுக்க எழுந்த சுவர்கள், அவர்கள் வாழ்வில் ஒளி நுழைய இடம் தந்தன.

1963இல் இக்கட்டடம் விவேகானந்தர் இல்லம் எனப் பெயர் பெற்றது. 1997இல் இராமகிருஷ்ண மடத்திடம் ஒப்படைக்கப்பட்டு, இன்று கண்காட்சிக் கூடமாகத் திகழ்கிறது. டியூடரின் மற்ற இரு கிடங்குகளும் இன்று இல்லை. சென்னைக் கிடங்கு மட்டும் எஞ்சியதற்குச் சுவர்களின் வலிமை மட்டுமே காரணமன்று. ஒரு பயன் முடிந்தபோதெல்லாம் மற்றொரு பயனை அதற்கு அளிக்க மனிதர் முன்வந்தனர். தொன்மைக் கட்டடங்களைக் காக்கும் வழிகளுள் சிறந்தது, அவற்றில் வாழ்க்கை தொடர இடமளிப்பதே ஆகும்.