பாடும் பள்ளி

1925-ஆம் ஆண்டின் இளவேனிற் காலத்து ஒருநாள், அங்கேரி நாட்டின் தலைநகராகிய புடாபெஸ்டை அடுத்த குன்றுகளில், சோல்த்தான் கோடாய் என்னும் இசையறிஞர் உலாவச் சென்றிருந்தார். ஆங்கு இளம்பெண்கள் சிலர் கூடிப் பாடிக்கொண்டிருந்தனர். அதனைக் கேட்ட கோடாய் மகிழ்ந்தாரல்லர், வருந்தினார். அவர்கள் பாடியவை சுவையற்ற மலிவான பாட்டுகள். அப்பெண்களோ ஆசிரியப் பயிற்சிப் பள்ளி மாணவியர். பின்னாளில் அவர்களிடம் பயிலப் போகும் குழந்தைகளின் நாவில் அப்பாட்டுகளே அன்றோ குடியேறும்!

அவர் வருந்தியதற்குத் தக்க காரணம் உண்டு. 1905-ஆம் ஆண்டு முதலே அவர் சிற்றூர்தோறும் சென்று, உழவர் பாடிய நாட்டுப் பாடல்களைத் தொகுத்து வந்தார். பேலா பார்ட்டோக் என்னும் நண்பரும் இப்பணியில் அவரோடு உழைத்தார். மெழுகு உருளையில் ஒலியைப் பதியும் கருவியை உடன்கொண்டு சென்று, கேட்ட பாடல்களைப் பதிந்தும் ஏட்டில் எழுதியும் இருவரும் காத்தனர். இத்துணைச் செல்வம் வயல்வெளிகளிற் கிடக்க, நகரத்துப் பள்ளிகள் அதனை அறியாதிருந்தன. கற்றோர் பலர் அதனைப் பட்டிக்காட்டுப் பாட்டென்று ஒதுக்கினர்.

இசை ஒரு சிலர்க்கே வாய்த்த பேறு என்பதைக் கோடாய் ஒப்பவில்லை. எழுத்தறிவு எல்லார்க்கும் உரியதாயின், இசையறிவும் எல்லார்க்கும் உரியதே என்பது அவர் கொள்கை. குழந்தை முதலில் தாய்மொழியைப் பேசுகிறது. பின்னரே எழுத்தைக் கற்கிறது. அவ்வாறே முதலில் தன் நாட்டுப் பாடலைப் பாடுதல் வேண்டும். சுரங்களை எழுதவும் படிக்கவும் கற்பது பின்னர் நிகழ்தல் வேண்டும். பியானோ ஏழை வீட்டில் இராது. குரலோ எல்லார்க்கும் உண்டு. ஆதலின் குரலையே அவர் முதற் கருவியாகக் கொண்டார்.

கற்பிக்கும் வழிகள் பலவற்றை அவர் பிற நாடுகளிலிருந்து எடுத்துக்கொண்டார். இங்கிலாந்தில் சாரா குளோவர் என்னும் ஆசிரியை தொடங்கி, ஜான் கர்வென் என்பவர் வளர்த்த முறை அவற்றுள் முதன்மையானது. இம்முறையில் ‘டோ, ரே, மி, ஃபா, சோ, லா, டீ’ என ஏழு சுரங்கள் உண்டு. பாடுவோர் குரலுக்கு ஏற்ற எந்தச் சுருதியிலும் ‘டோ’வைத் தொடங்கலாம். தமிழிசை பயில்வோர்க்கு இது புதிதன்று. அவரவர் சுருதிக்கு ஏற்பச் சட்சம் அமைவது போன்றதே இது.

ஏழு சுரங்களையும் ஒருங்கே கற்பித்தல் இல்லை. ‘சோ, மி’ என்னும் இரண்டே முதலில் வரும்; குழந்தைகளின் விளையாட்டுப் பாட்டுகளில் இவ்விரண்டும் இயல்பாகவே ஒலிப்பவை. பின்னர் ‘லா’ சேரும். அதன்பின் ‘டோ’வும் ‘ரே’யும் சேரும். ‘மி’க்கும் ‘ஃபா’வுக்கும் இடையே உள்ள தொலைவு பிறவற்றிற் பாதியே; ‘டீ’க்கும் மேல் ‘டோ’வுக்கும் இடையிலும் அவ்வாறே. இச்சிறு இடைவெளியில் இளங்குரல் தடுமாறும். ஆதலின் ‘ஃபா’வும் ‘டீ’யும் காத்திருக்கின்றன. அங்கேரியின் பழம் பாடல்கள் பலவும் ஐந்து சுரங்களால் இயன்றவை. ‘டோ, ரே, மி, சோ, லா’ என்னும் ஐந்தும் தமிழ்நாட்டில் மோகன இராகத்தில் வரும் சுரங்களே என்பது வியப்பூட்டுவது.

இனி, வகுப்பறையைக் காண்போர்க்கு முதலில் தெரிவது ஆசிரியரின் கை. இடையளவில் கையை முட்டியாக மடக்கினால் ‘டோ’. சற்று உயர்த்தி உள்ளங்கை கீழ்நோக்க நீட்டினால் ‘மி’. இன்னும் உயர்த்தி உள்ளங்கையை மார்பை நோக்கித் திருப்பினால் ‘சோ’. கை ஏற ஏறக் குரலும் ஏறும். கண்ணுக்குத் தெரியாத சுரத்தின் உயர்வு தாழ்வைக் கை காட்டிவிடுகிறது. ஒரு கையை ஒரு குழுவும் மற்றொரு கையை மற்றொரு குழுவும் நோக்கிப் பாடினால், இரு வேறு இசை ஒரே காலத்தில் எழுந்து இயைகின்றன.

இவற்றினும் நுட்பமான பயிற்சி ஒன்று உண்டு. வகுப்பு முழுதும் பாடிக்கொண்டிருக்கையில் ஆசிரியர் குறிப்புக் காட்டுகிறார். உடனே குரல்கள் அடங்குகின்றன. ஆயினும் ஒவ்வொரு குழந்தையும் உள்ளத்துள் பாட்டைத் தொடர்கிறது. மறு குறிப்புக் கிடைத்ததும் அனைவரும் உரிய அடியில், உரிய சுருதியில், ஒருங்கே வாய் திறக்கின்றனர். இவ்வாறு அகச்செவி பழகிய குழந்தை, பின்னாளில் வயலினைக் கையில் எடுக்குமுன்பே ஏட்டில் உள்ள இசையை மனத்திற் கேட்டுவிடும்.

இத்தகைய வகுப்பில் ஆசிரியர் ஒளிந்துகொள்ள இடமில்லை. அவர் சுருதி பிசகினால் வகுப்பே பிசகும். சிற்றூர்ப் பள்ளியின் பாட்டாசிரியர் யார் என்பதைக் கோடாய் பெரிதாகக் கருதியதற்கு இது தக்க காரணமே.

அவர் பிறந்த ஊர் கெச்கெமேட். அங்கே 1950-ஆம் ஆண்டில், பாட்டை நாள்தோறும் பயிற்றும் முதல் தொடக்கப் பள்ளி எழுந்தது. அதனைப் பின்பற்றி நாட்டில் வேறு பல பள்ளிகளும் தோன்றின. 1964-ஆம் ஆண்டில் புடாபெஸ்டில் கூடிய உலக இசைக்கல்வி மாநாட்டிற்கு வந்தோர் இம்முறையைக் கண்டு, தத்தம் நாடுகளுக்குக் கொண்டு சென்றனர். கோடாய் 1967-இல் மறைந்தார். 1975-இல் கெச்கெமேட்டில், முன்னர்த் துறவியர் மடமாக இருந்த பழங்கட்டடம் ஒன்றில், அவர் பெயரால் ஒரு கல்விக்கழகம் நிறுவப்பட்டது. சிறு குழந்தைகளுக்குப் பாடக் கற்பிப்பது எங்ஙனம் என்பதைப் பயில, பிற நாட்டு ஆசிரியர்களும் அங்கு வந்து சேர்கின்றனர்.