விளையாட்டினுள் ஒரு நகரம்

கணினி விளையாட்டு என்றதும் ஓட்டமும் துப்பாக்கிச் சூடுமே சிந்தையில் எழும். அதற்கும் ஓர் ஆசிரியர் உண்டென்பதை நம்மிற் பலர் எண்ணுவதில்லை.

எஸ்தோனிய எழுத்தாளர் ரொபேட் குர்விட்ஸ் 2013ஆம் ஆண்டில் ஒரு நாவலை வெளியிட்டார். நண்பர்களுடன் மேசையைச் சுற்றியமர்ந்து, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் விளையாட்டிலே பல்லாண்டுகளாக உருவான கற்பனையுலகே அதன் களம். ஏறக்குறைய ஆயிரம் பிரதிகளே விலைபோயின, ஆசிரியர் மனமுடைந்தார்.

ஆயினும் அவ்வுலகம் மடியவில்லை. 2019இல் அது ‘டிஸ்கோ எலீசியம்’ என்னும் கணினி விளையாட்டாயிற்று. நினைவிழந்த துப்பறிவோன் ஒருவன் விடுதியறையிற் கண்விழிக்கின்றான். விடுதியின் பின்புறத்து மரத்திலே பிணமொன்று தொங்குகின்றது. இங்கே பேச்சே விளையாட்டு. ஒரு வினாவுக்கு நான்கு விடைகள் உண்டெனில், நான்கிற்கும் மறுமொழி எழுதியாக வேண்டும். ஆடுபவரோ ஒன்றைத்தான் தெரிவார். போதாக்குறைக்குத் தர்க்கம், பரிவு, அதிகாரம் முதலாய 24 இயல்புகள் அவன் உள்ளத்தே தனித்தனிக் குரலில் குறுக்கிட்டு வாதாடுகின்றன. ஒருவர் கைக்கு அடங்குமா? குர்விட்ஸின் தலைமையில் பலர் எழுதினர். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள் சேர்ந்தன.

நாவல் தராத புகழை விளையாட்டுத் தந்தது, பரிசுகளும் குவிந்தன. ஆனால் 2021இன் இறுதியில் அவர் அந்நிறுவனத்தை விட்டு நீங்க நேர்ந்தது. காரணத்தை இரு தரப்பாரும் வெவ்வேறாகக் கூறுகின்றனர். நண்பர்களின் மேசையிலே பிறந்த நகரம் நிறுவனத்தின் உடைமையாகவே நின்றுவிட்டது.