பம்பர் உடைஞ்சா உடனே க்ளெய்ம் போடலாமா? கார் இன்சூரன்ஸில் பலரும் போடாத கணக்கு

மாலை 6.30 மணி. கோவை அவிநாசி சாலை, ஹோப் காலேஜ் பக்கம். ஆபீஸ் விடும் நேர நெரிசலில் முன்னால் போன கார் சட்டென பிரேக் போடுகிறது. பின்னால் வந்த கார் லேசாகத் தட்டி நிற்கிறது. யாருக்கும் அடி இல்லை. முன் காரின் டிக்கி கதவில் ஒரு நசுங்கல். பின் காரின் பம்பர் ஒரு பக்கம் உடைந்து தொங்குகிறது. "ஏனுங்க, பாத்து வரக்கூடாதுங்களா?" என்று ஆரம்பிக்கும் பேச்சு, ஐந்து நிமிடத்தில் "சரி விடுங்க, இன்சூரன்ஸ் இருக்குதுங்கள்ல, பாத்துக்கலாம்" என்று முடிகிறது.

இது ஒரு கற்பனைக் காட்சிதான். ஆனால், நகரத்தில் கார் ஓட்டும் யாருக்கும் நடக்கக்கூடியது. 'இன்சூரன்ஸ் பாத்துக்கும்' என்று கிளம்புவதற்கு முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். கையில் இருப்பது எந்த இன்சூரன்ஸ்? க்ளெய்ம் போட்டால் எவ்வளவு கிடைக்கும்? போட்டதால் எவ்வளவு போகும்?

இடித்த உடனே என்ன செய்யணும்?

முதலில் யாருக்காவது அடிபட்டிருக்கிறதா என்று பாருங்கள். அடிபட்டிருந்தால் 108-க்கு அழைப்பதும், போலீஸுக்குத் தகவல் சொல்வதும் உங்கள் விருப்பம் அல்ல, சட்டக் கடமை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 134-வது பிரிவு இதைச் சொல்கிறது. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு விபத்து விவரங்களைத் தெரிவிப்பதும் அதே பிரிவில் வருகிறது.

வண்டிக்கு மட்டும்தான் சேதம் என்றால்:

• வண்டிகளை நகர்த்தும் முன் போட்டோ எடுங்கள். இரண்டு நம்பர் பிளேட், சேதமான இடம், சாலை எல்லாம் தெரிய வேண்டும்.

• எதிர்த் தரப்பின் வண்டி எண், போன் நம்பர், இன்சூரன்ஸ் நிறுவனத்தின் பெயர் ஆகியவற்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

• அடியில் ஆயிலோ கூலன்ட்டோ ஒழுகினால் வண்டியை ஓட்டாதீர்கள். ரிப்பேர் செய்யாமல் ஓட்டி சேதம் அதிகமானால் அந்தக் கூடுதல் செலவு உங்கள் பொறுப்பு என்பது பாலிசியின் நிபந்தனை.

• எதிர்த் தரப்புக்கான நஷ்டத்தை இன்சூரன்ஸ் மூலம் தீர்க்கப் போகிறீர்கள் என்றால், 'தப்பு என்னுதுதான், செலவை நான் தர்றேன்' என்று வாக்குக் கொடுக்கவோ பணம் கொடுக்கவோ கூடாது. நிறுவனத்தின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் அப்படிச் செய்யக் கூடாது என்பதும் பாலிசியிலேயே இருக்கிறது.

யாருக்கும் காயம் இல்லாத சின்ன இடிக்கு, சொந்த வண்டி சேதத்தை க்ளெய்ம் செய்ய பொதுவாக எஃப்.ஐ.ஆர். கேட்பதில்லை. தகராறு முற்றினால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வைப்பது நல்லது.

உங்களிடம் இருப்பது எந்த பாலிசி?

கார் இன்சூரன்ஸில் இரண்டு பாகங்கள் உண்டு. ஒன்று 'தேர்ட் பார்ட்டி'. உங்கள் வண்டியால் மற்றவருக்கு ஏற்படும் நஷ்டத்துக்கானது, சட்டப்படி கட்டாயம். மற்றவரின் உயிரிழப்பு, காயத்துக்கான இழப்பீட்டுக்கு இதில் உச்சவரம்பு கிடையாது. மற்றவரின் பொருள் சேதத்துக்கு 7.5 லட்சம் ரூபாய் வரை. இரண்டாவது 'ஓன் டேமேஜ்'. உங்கள் காருக்கு ஏற்படும் சேதத்துக்கானது, கட்டாயம் இல்லை.

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். இதன் பின்னணியில் கோவையிலிருந்து போன ஒரு வழக்கு இருக்கிறது.

கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ்.ராஜசேகரன், சாலை விபத்து உயிரிழப்புகளைக் குறைக்கக் கோரி 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு தொடர்ந்தார். முதல் வருடத்துக்குப் பிறகு பலர் இன்சூரன்ஸை புதுப்பிப்பதே இல்லை, அதனால் விபத்தில் பாதிக்கப்படுபவர்கள் இழப்பீடு கிடைக்காமல் தவிக்கிறார்கள் என்ற பிரச்சினையும் அந்த வழக்கில் விசாரணைக்கு வந்தது. 2018 ஜூலை 20-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது: 2018 செப்டம்பர் 1 முதல் புது கார் வாங்கினால் 3 வருடம், புது டூவீலர் வாங்கினால் 5 வருடம் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் சேர்த்தே எடுக்க வேண்டும்.

சாலையில் போகிறவர்களுக்கு இது பெரிய பாதுகாப்பு. ஆனால், ஷோரூமில் '3 வருஷ இன்சூரன்ஸ்' என்று கேட்டுவிட்டு வருபவர், தன் காருக்கும் 3 வருடம் பாதுகாப்பு இருப்பதாக நினைத்துக்கொள்கிறார். புது கார்களுக்கு வழக்கமாகக் கொடுக்கப்படுவது 3 வருட தேர்ட் பார்ட்டியும் 1 வருட ஓன் டேமேஜும்தான். ஒரு வருடம் முடிந்ததும் ஓன் டேமேஜை தனியாகப் புதுப்பிக்க வேண்டும். அதை விட்டுவிட்டால், போலீஸ் செக்கிங்கில் பிரச்சினை வராது. பம்பர் உடையும்போதுதான் வரும். இடித்தவர் நீங்கள் என்றால், ரிப்பேர் செலவு முழுக்க உங்கள் கைக்காசு.

க்ளெய்ம் போட்டால் எவ்வளவு கிடைக்கும்?

ஓன் டேமேஜ் நடப்பில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். பட்டறையில் கொடுத்த எஸ்டிமேட்: புது பம்பர் 6,000 ரூபாய், பெயின்டிங் 4,000, லேபர் 1,000. மொத்தம் 11,000 ரூபாய். இதில் நிறுவனம் எவ்வளவு தரும்?

பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். ஆக, பம்பருக்கு 3,000. பெயின்டிங் பில்லில் கால் பங்கை பெயின்ட்டின் விலையாக எடுத்துக்கொண்டு அதில் பாதியைக் கழிப்பார்கள். 4,000-ல் 500 போக 3,500. லேபர் 1,000. கூட்டினால் 7,500. இதிலிருந்து கட்டாயப் பிடித்தம் ஒன்று உண்டு: 1,500 சி.சி. வரையிலான காருக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய். சின்ன கார் என்றால் கடைசியில் கிடைப்பது 6,500 ரூபாய். மீதி 4,500 உங்கள் பங்கு.

கண்ணாடிக்குத் தேய்மானம் கிடையாது. உலோக பாகங்களுக்கு காரின் வயதைப் பொறுத்து மாறும்: முதல் 6 மாதம் வரை எதுவும் கழிக்க மாட்டார்கள், 5 வயதைத் தாண்டிய காருக்கு 40 சதவீதம், 10 வயதைத் தாண்டினால் 50 சதவீதம். 'ஜீரோ டெப்' ஆட்-ஆன் எடுத்திருந்தால் இந்தத் தேய்மானம் பிடிக்கப்படாது. மேலே உள்ள பில்லுக்கு 10,000 ரூபாய் கிடைக்கும்.

போட்டால் எவ்வளவு போகும்?

ஒரு வருடம் க்ளெய்ம் போடாமல் இருந்தால், அடுத்த வருட ஓன் டேமேஜ் பிரீமியத்தில் தள்ளுபடி கிடைக்கும். அதுதான் 'நோ க்ளெய்ம் போனஸ்', சுருக்கமாக என்.சி.பி. முதல் வருடத்துக்குப் பின் 20 சதவீதம், அடுத்தடுத்து 25, 35, 45, ஐந்தாவது வருடத்துக்குப் பின் 50 சதவீதம். ஒரே ஒரு ஓன் டேமேஜ் க்ளெய்ம் போட்டாலும் இது பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும்.

தள்ளுபடிக்கு முன் ஓன் டேமேஜ் பிரீமியம் 12,000 ரூபாய், இப்போது 35 சதவீத என்.சி.பி. இருக்கிறது என்று வையுங்கள். கணக்கு இப்படிப் போகும்:

• 1-வது புதுப்பித்தல்: க்ளெய்ம் இல்லை என்றால் 6,600, போட்டால் 12,000. வித்தியாசம் 5,400.

• 2-வது: 6,000, 9,600. வித்தியாசம் 3,600.

• 3-வது: 6,000, 9,000. வித்தியாசம் 3,000.

• 4-வது: 6,000, 7,800. வித்தியாசம் 1,800.

• 5-வது: 6,000, 6,600. வித்தியாசம் 600.

மொத்தம் 14,400 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. அதாவது, 6,500 ரூபாய் வாங்குவதற்காக 14,400 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டிவரும். ஜீரோ டெப் இருந்து 10,000 கிடைத்தாலும் நஷ்டம்தான். காருக்கு வயதாக ஆக அதன் மதிப்பும் பிரீமியமும் குறையும் என்பதால் உண்மையான வித்தியாசம் இதைவிடக் கொஞ்சம் குறையலாம். ஆனால், கணக்கு போகும் திசை மாறாது.

இதே கார் வாங்கி முதல் வருடத்திலேயே இடித்திருந்தால், இழக்க பெரிய போனஸ் எதுவும் இல்லை. மேலே உள்ள அதே முறையில் கூட்டினால் இழப்பு 6,000 ரூபாய்தான். ஜீரோ டெப் இருந்தால் தாராளமாக க்ளெய்ம் போடலாம். பில் 40,000, 50,000 என்று போனால் எந்த வருடமாக இருந்தாலும் யோசிக்க வேண்டியதில்லை. சின்ன சேதத்தை கைக்காசில் முடித்து, பெரிய சேதத்துக்கு இன்சூரன்ஸை வைத்துக்கொள்வது, இதுதான் பொதுவான விதி. 'என்.சி.பி. புரொடெக்ட்' ஆட்-ஆன் இருந்தால், அது அனுமதிக்கும் எண்ணிக்கை வரை க்ளெய்ம் போட்டாலும் போனஸ் தப்பிக்கும்.

தப்பு எதிர்த் தரப்பு மேல் என்றால்?

முன் காரில் இருந்தவர் மேல் எந்தத் தவறும் இல்லை. சட்டப்படி, இடித்தவரின் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸில் அவர் நஷ்டத்தைக் கேட்கலாம். ஆனால், அதற்கு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். ஒரு டிக்கி நசுங்கலுக்கு கோர்ட், வக்கீல் என்று அலைய யாரும் தயாராக இருப்பதில்லை. சொந்த பாலிசியில் க்ளெய்ம் போட்டால், தப்பே செய்யாதவரின் போனஸ் போகும். ரோட்டிலேயே பேசி கைக்காசில் முடிப்பது இவ்வளவு சகஜமாக இருப்பதற்கு இதுதான் காரணம். அப்படி முடித்தால், வண்டி எண், தேதி, தொகை, 'இனி இரு தரப்புக்கும் கோரிக்கை இல்லை' என்று எழுதி இருவரும் கையெழுத்து போட்டு வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

க்ளெய்ம் போடுவது என்று முடிவு செய்தால்...

உடனே நிறுவனத்தின் ஆப் அல்லது டோல்-ஃப்ரீ எண்ணில் பதிவு செய்யுங்கள். சர்வே முடியும் முன் வண்டியில் கை வைக்கக் கூடாது. பழைய பம்பரைத் தூக்கிப் போடவும் கூடாது. நிறுவனத்தின் நெட்வொர்க் ஒர்க்‌ஷாப் என்றால் கேஷ்லெஸ். உங்கள் வழக்கமான மெக்கானிக் என்றால் பில்லை நீங்கள் கட்டிவிட்டு பிறகு வாங்க வேண்டும். ஆர்.சி., டிரைவிங் லைசென்ஸ், பாலிசி, எஸ்டிமேட் ஆகியவை தயாராக இருக்கட்டும்.

இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 ஜூனில் வெளியிட்ட சுற்றறிக்கை காலக்கெடுவைச் சொல்கிறது: க்ளெய்ம் பதிவான 24 மணி நேரத்துக்குள் சர்வேயர் நியமனம், 15 நாளில் சர்வே அறிக்கை, அது கிடைத்த 7 நாளில் முடிவு. தாமதமானால் இந்த எண்களைச் சொல்லிக் கேளுங்கள்.

எதனால் நிராகரிக்கப்படும்?

• ஓட்டியவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாதது, மது அருந்தி ஓட்டியது.

• சொந்த உபயோக காரை வாடகைக்கு ஓட்டியது.

• செகண்ட் ஹேண்ட் கார் வாங்கி, பாலிசியைத் தன் பெயருக்கு மாற்றாதது. ஓன் டேமேஜுக்கு 14 நாளுக்குள் மாற்ற வேண்டும். பழைய ஓனரின் என்.சி.பி. காரோடு வராது, அது அவருக்கே சொந்தம்.

• முந்தைய நிறுவனத்தில் க்ளெய்ம் போட்டதை மறைத்து, புது நிறுவனத்தில் என்.சி.பி. வாங்கியது.

தகவல் சொல்ல தாமதமானது என்ற ஒரே காரணத்துக்காக நியாயமான க்ளெய்மை இயந்திரத்தனமாக நிராகரிக்கக் கூடாது என்று 2011-லேயே ஆணையம் அறிவுறுத்தியிருக்கிறது. 2017-ல் உச்ச நீதிமன்றமும், கார் அல்ல, ஒரு லாரி திருட்டு வழக்கில் இதே நிலைப்பாட்டை எடுத்தது. தாமதத்துக்கு நியாயமான காரணம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நிராகரித்துவிட்டால் எங்கே போவது?

முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.-யின் 'பீமா பரோசா' தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ பதிவு செய்யலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், அல்லது பதில் திருப்தி தராவிட்டால், இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. ஆன்லைனிலேயே புகார் கொடுக்கலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. நிராகரிப்பு கடிதம் வந்த ஒரு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். அதுவும் வேண்டாம் என்றால், கோவையிலேயே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது.

இத்தனையும் இடித்த பிறகு. இடிக்கும் முன் செய்ய ஒரே ஒரு வேலைதான். இன்று ராத்திரி பாலிசி பி.டி.எஃப்.-ஐத் திறந்து மூன்று விஷயங்களைப் பாருங்கள்: ஓன் டேமேஜ் எந்தத் தேதி வரை, என்.சி.பி. எத்தனை சதவீதம், ஜீரோ டெப் இருக்கிறதா. ஓன் டேமேஜ் காலாவதியாகி 90 நாள் தாண்டிவிட்டால், சேர்த்து வைத்த என்.சி.பி.யும் சேர்ந்தே போய்விடும். இந்த மூன்றும் தெரிந்தவர் ஹோப் காலேஜ் நெரிசலில் நின்றபடியே முடிவெடுத்துவிடலாம்.