கண்ணில் சுண்ணாம்பு பட்டால்



பொங்கலுக்கு முன் வீடுகளுக்கு வெள்ளையடிக்கும் நாட்களில், கடலூர், சிதம்பரம் பக்கத்துக் கிராமங்களை நினைத்து நாம் அஞ்சுகிற காரியம் ஒன்று உண்டு. பிள்ளைகளின் கண்ணில் சுண்ணாம்பு தெறிப்பதே அது. வெற்றிலைச் சுண்ணாம்புப் பொட்டலத்தை அழுத்தி விளையாடும்போதும் இது நேரிடுகிறது. ஒரு துளி சுண்ணாம்பு பார்வையையே பறிப்பது எப்படி?

நம் உடலின் புரதங்கள் நீண்ட சங்கிலிகள். தமக்குரிய வடிவில் மடிந்திருந்தால்தான் அவை வேலை செய்யும். அந்த வடிவத்தைக் காப்பவை மெல்லிய பிணைப்புகள். அமிலமோ காரமோ பட்டால் அவை அறுந்து, சங்கிலி குலைகிறது. பச்சை மீன் துண்டை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்தால் அடுப்பில்லாமலே வெளுத்து இறுகுவது இதனால்தான். வெந்த முட்டை மறுபடி பச்சை முட்டை ஆகாததுபோல, இதுவும் பழைய நிலைக்குத் திரும்பாது.

கருவிழியின் மேலுள்ள கண்ணாடி போன்ற படலம் பெரும்பாலும் கொலாஜன் என்னும் புரதத்தால் ஆனது. அது மூன்று புரி கொண்ட கயிறு போன்றது என்று 1954-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் உலகுக்குக் காட்டினார்கள். அந்த இழைகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதால்தான் ஒளி உள்ளே செல்கிறது. ஒழுங்கு குலைந்தால் படலம் வெளுத்துவிடும்.

கழிவறை கழுவும் ஆசிட் பட்டால் புரதம் உறைந்து, ஒரு பொருக்கு உண்டாகி, ஆசிட் மேலும் இறங்குவதை ஓரளவு தடுக்கும். சுண்ணாம்பும் காஸ்டிக் சோடாவும் அப்படியல்ல. அவை கொழுப்பைச் சோப்பாக்கி, புரதத்தைக் கரைத்து, ஆழமாக இறங்கிக்கொண்டே இருக்கும். எனவே ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

செய்யவேண்டியது எளிது. உடனே இமைகளை விரித்து, சுத்தமான தண்ணீரை அரைமணி நேரமாவது கண்ணில் ஊற்றிக்கொண்டே இருங்கள். தங்கியிருக்கும் சுண்ணாம்புத் துகள்களை ஈரத்துணியால் மெதுவாக எடுங்கள். விளக்கெண்ணெய், தாய்ப்பால், எலுமிச்சைச் சாறு எதையும் விடாதீர்கள். கண்ணைக் கசக்க விடாதீர்கள். கழுவிய பிறகு, வலி குறைந்தாலும், தாமதமின்றிக் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

வைத்தியர் கைக்கு வருமுன்பே அந்தப் பிள்ளையின் பார்வையைக் காப்பது வீட்டிலுள்ள ஒரு குடம் தண்ணீர்தான். இதை உங்கள் சபையிலும் தெருவிலும் நாலு பேருக்குச் சொல்லும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.