பழைய லாரிக்குப் புது லைனிங்

நாமக்கல், சங்ககிரிப் பக்கம் போனால் சாலையோரம் லாரிப் பட்டறைகளைப் பார்க்கலாம். உள்ளே வரும் லாரி நின்ற பிறகு 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம் கேட்கும். பிரேக் பிடிக்கும் சத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, டிரைவர் பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும், வேலை முடிந்த காற்று வெளியேறும் சத்தம் அது.

பெரிய லாரியை நிறுத்துவது காற்றுதான். எஞ்சினோடு சேர்ந்து ஓடும் கம்ப்ரசர் காற்றை அமுக்கி டேங்கில் சேர்த்து வைக்கிறது. பெடலை மிதித்ததும் அந்தக் காற்று சக்கரத்தருகே இருக்கும் வட்ட டப்பாவுக்குள் பாய்ந்து, அங்குள்ள ரப்பர் டயாபிரத்தைத் தள்ளும். ஒரு கணக்குப் போடுங்கள். டயாபிரத்தின் பரப்பு 150 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோ அழுத்தம். மொத்தம் 900 கிலோ! ஒரு மெல்லிய ரப்பர் இவ்வளவு விசையைக் கடத்துகிறது. அதில் ஊசித்துளை விழுந்தாலும் காற்று கசியும். அதனால் பழைய லாரி பட்டறைக்கு வந்தால் டயாபிரத்தை மாற்றிவிடுவார்கள்.

டயாபிரம் ஒரு கம்பியைத் தள்ள, கம்பி ஒரு நெம்புகோலைத் திருப்ப, நெம்புகோல் 'எஸ்' வடிவ கேமைச் சுழற்றும். கேம் இரண்டு பிரேக் ஷூக்களை விரிக்கும். ஷூமேல் ரிவெட் அடித்திருக்கும் லைனிங், சுழலும் இரும்பு டிரம்மின் உட்புறத்தில் போய் உரசும். வண்டி நிற்கும்.

நின்றது சரி, ஓடிய வேகம் எங்கே போனது? உள்ளங்கைகளை வேகமாகத் தேய்த்துப் பாருங்கள், விடை கையிலேயே இருக்கிறது. 16 டன் லாரி 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒரு முறை நிற்கும்போது பிறக்கும் வெப்பத்தைக் கொண்டு, சுமார் 7 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரலாம். அதே லாரி மலையிலிருந்து 1000 மீட்டர் உயரம் இறங்கினால், இப்படி எழுபது முறை நின்றதற்குச் சமம்! பிரேக் மட்டும் அதைத் தாங்காது. அதனால்தான் மலைப்பாதையில் 'குறைந்த கியரில் செல்லவும்' என்று பலகை வைத்திருக்கிறார்கள்.

தாங்காமல் போவது எப்படி என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சூடானால் இரும்பு விரியும். 41 சென்டிமீட்டர் விட்டமுள்ள டிரம் 200 டிகிரி கூடுதலாகச் சூடேறினால், விட்டம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பெருகும். அதாவது டிரம் லைனிங்கை விட்டு விலகிப் போகிறது! கம்பி முன்பைவிட அதிக தூரம் தள்ளினால்தான் ஷூ டிரம்மைத் தொடும். கம்பி நகரும் தூரத்துக்கோ எல்லை உண்டு. ஏற்கெனவே லைனிங் தேய்ந்துபோன லாரி என்றால் சொல்லவே வேண்டாம்.

பட்டறையில் சக்கரத்தைக் கழற்றியதும் மெக்கானிக் முதலில் பார்ப்பது லைனிங்கின் கனத்தை. மிகவும் தேய்ந்திருந்தால் ரிவெட் தலைகள் வெளியே தெரியும், அவை டிரம்மில் கோடு கிழித்திருக்கும். ஆயில் சீல் கசிந்து எண்ணெய் குடித்த லைனிங்கை எவ்வளவு துடைத்தாலும் பயனில்லை, தூக்கிப் போட வேண்டியதுதான். உள்ளே படிந்திருக்கும் தூசியை ஊதக் கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்த நுண்ணிய நார்கள் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது.

கோடு விழுந்த டிரம் லேத் பட்டறைக்குப் போகும். அங்கே உட்புறத்தைச் சீவிச் சமன்செய்வார்கள். சீவச் சீவ டிரம் மெலியும், மெலிந்த டிரம் சீக்கிரம் சூடேறும். எனவே இவ்வளவுக்குமேல் விட்டம் போகக் கூடாது என்று ஓர் அளவு உண்டு. ஒரு பக்கம் புது லைனிங் போட்டால் அதே அச்சின் மறுபக்கமும் போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் பிடிக்கும்போது லாரி ஒரு பக்கமாக இழுக்கும்.

அனுபவசாலிகள்கூடப் பிரித்துப் பார்க்காத பாகம் ஒன்று உண்டு. பின்சக்கர டப்பாவின் இன்னோர் அறையில் வலுவான சுருள்வில் ஒன்று அமுங்கிக் கிடக்கும். காற்று இருக்கும்வரை அதை அடக்கி வைக்கும், காற்று போய்விட்டால் வில் விரிந்து பிரேக்கைப் பிடித்துவிடும். காற்றில்லாமல் லாரி தறிகெட்டு ஓடாமல் இருக்க இந்த ஏற்பாடு. ரயிலில் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-இல் காற்று பிரேக் கொண்டுவந்தபோது குழாய் அறுந்தால் பிரேக்கே கிடையாது. 1872-இல் அவர் முறையைத் தலைகீழாக்கினார்: குழாய் அறுந்தால் தானாகவே பிரேக் விழும். லாரியில் அந்த வேலையைச் செய்வது இந்தச் சுருள்வில். அந்த அறையைத் திறந்தால் வில் ஆளையே கொல்லும் வேகத்தில் பாயும். அதனால் கெட்டால் டப்பாவோடு மாற்றிவிடுவார்கள்.

எல்லாம் பூட்டியதும் சோதனை ஓட்டம். நாலைந்து முறை பிரேக் பிடித்துவிட்டுத் திரும்பி வந்ததும் மெக்கானிக் ஒவ்வொரு டிரம்முக்கும் அருகே கையை நீட்டி அனலை உணர்வார். தொடமாட்டார், சுட்டுவிடும். ஒன்று மட்டும் மிக அதிகமாகக் கொதித்தால் அங்கே ஷூ விலகாமல் உரசிக்கொண்டே இருக்கிறது. ஒன்று மட்டும் ஆறிக் கிடந்தால் அந்தச் சக்கரம் வேலையே செய்யவில்லை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மறுபடியும் வண்டிக்கு அடியில் நுழைவார்.